கேஸ் ஷீட்டின் பின்பக்கம்

மனநலப் பிரிவில் இப்போது புதிய படிவம் வந்திருக்கிறது. நான் வாரம் இரண்டு காலை வகுப்பெடுக்கும் செவிலியர் பள்ளியில் பிள்ளைகள் அதைக் கொண்டுவந்து காட்டினார்கள். நோயாளியின் உயிருக்கு ஆபத்து எவ்வளவு என்று கணிப்பதற்கான படிவம். தூக்கம், பசி, முன்பு முயன்றது உண்டா, இப்போது எண்ணம் உண்டா என்று கேள்விகள். எதிரே கட்டங்கள். ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், இருமுனை நோயாளிக்கு இதுல எந்தக் கேள்வி முக்கியம்?"

அன்றைக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றேன். அடுத்த வகுப்பிலும் சொல்லவில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். படிவத்தைக் குறை சொல்ல எழுதவில்லை. அதை ஒழுங்காக நிரப்புங்கள். அதில் இல்லாத ஒரு கேள்வியை நான் ஒருமுறை கேட்காமல் விட்டேன். அதைப் பற்றித்தான் இது.

நான் இருபத்தெட்டு ஆண்டுகள் செவிலியர். அதில் பத்தொன்பது ஆண்டுகள் மனநல வார்டு. முதலில் அங்கே மாற்றிப் போட்டபோது அழுதேன். "பயித்தியார வார்டுல போட்டுட்டாவளாம்லா" என்று சொந்தக்காரர்கள் துக்கம் விசாரித்தார்கள். ஆறு மாதத்தில் பயம் போனது. இரண்டு வருடத்தில் வேறு வார்டுக்குப் போகச் சொன்னாலும் போக மனமில்லை. அதற்குக் காரணம் எங்கள் பெரிய டாக்டர்.

அவர் மணப்பாட்டுப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கனத்த உருவம், கனத்த குரல். ஆனால் நோயாளியிடம் பேசும்போது கட்டிலுக்கு அருகே கிடக்கும் குட்டை முக்காலியில்தான் உட்காருவார். கட்டிலில் இருப்பவர் அவரைக் குனிந்து பார்க்க வேண்டும். "மேல இருந்து கேட்டா போலீஸ்காரனுக்குச் சொல்லுத மாதிரி சொல்லுவான் சிஸ்டர்" என்பார். 'நல்லாருக்கீங்களா' என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "அதுக்கு நல்லாருக்கேன்னுதான் சொல்லணும்னு எல்லாரும் ஒண்ணாங்கிளாஸ்லயே படிச்சுட்டான்."

நாங்கள் குறிப்பில் எழுதும் வார்த்தைகளும் அவருக்குப் பிடிக்காது. 'ஒத்துழைக்கிறார், தொந்தரவு இல்லை' என்று எழுதுவது எங்கள் வழக்கம். ஒருநாள் அதை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"யாருக்குத் தொந்தரவு இல்ல?"

"வார்டுக்கு சார்."

"அவனுக்கு?"

நான் குறிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"சவத்துக்குந்தான் தொந்தரவு கெடையாது. போய்க் கேட்டுட்டு வந்து எழுதுங்க."

மனம் மாறி மாறி எகிறியும் இறங்கியும் போகும் இருமுனை நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன் அவர் ஒரு காரியம் செய்வார். எந்தப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தாரோ, தாமே கண்டுபிடித்தாரோ, எனக்குத் தெரியாது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இங்கன இருந்து போனதும் யாரு மொகத்தப் பாக்க முடியாதுன்னு தோணுது?" என்று கேட்பார். கேட்டுவிட்டு வாயைத் திறக்க மாட்டார். சிலர் உடனே சொல்வார்கள். சிலருக்குக் கால்மணி நேரம் ஆகும். சொல்லும் பெயர்களைக் கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் நாங்கள் எழுத வேண்டும். பிறகு அந்தப் பெயர்களில் ஒருவரையாவது வார்டுக்கு வரவழைத்து இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவார்.

எதற்கு இது என்று புதிதில் எனக்கும் புரியவில்லை. மனம் எகிறி நிற்கும் நாட்களில் இவர்கள் செய்யாதது இருக்காது. தூங்காமல் அலைவார்கள், கண்டபடி வாக்குக் கொடுப்பார்கள், யாரிடம் எதைச் சொல்லக்கூடாதோ அதைச் சொல்வார்கள். அப்போது வெட்கம் என்பதே இருக்காது. மனம் இறங்கும்போது அந்த வெட்கம் முழுவதும் வட்டியோடு வரும். ஒவ்வொரு பேச்சும் நினைவுக்கு வரும். "அது நானா, நோயா?" என்று கேட்பார்கள். நோய் என்று நாம் சொன்னால் நம்ப மாட்டார்கள். இன்னொரு முறை வரும், இன்னொரு முறை எல்லோரையும் இழுத்துத் தெருவில் விடுவேன், வீட்டுக்கு நான் பாரம் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அழுகிற நாள்தான் ஆபத்தாகத் தெரியும். அந்த நாளும் ஆபத்துதான். ஆனால் அழுகை குறைந்து, எழுந்து நடமாடத் தெம்பு வந்து, நம்பிக்கை மட்டும் இன்னும் வராமல் இருக்கும் நாட்களும் உண்டு. மனம் கீழே கிடக்க, உடம்பு மட்டும் பரபரக்கும் நாட்களும் உண்டு. அந்த நாட்களில்தான் நாங்கள் 'முன்னேற்றம்' என்று எழுதுவோம்.

பத்தமடையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். பெரிய டாக்டர் கேட்டபோது மாமியார் பெயரைச் சொன்னாள். என்ன செய்தாய் என்றால் சொல்ல மாட்டேன் என்று முகத்தை மூடிக்கொண்டாள். மூன்றாம் நாள் மாமியாரை வரவழைத்துப் பெஞ்சில் உட்கார வைத்தோம். மருமகள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"கல்யாண வீட்டுல அத்தனை பேருக்கு முன்னால ஒங்களுக்கு இருக்கது சவுரின்னு சொல்லிட்டேன் அத்த."

மாமியார் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஏட்டி, சவுரின்னு ஊருக்கே தெரியும். நீ சொல்லித்தான் தெரியணுமாக்கும்? இதுக்கா பச்சத் தண்ணி குடிக்காமக் கெடந்த?"

அவள் சிரித்து, பிறகு அழுது, பிறகு சாப்பிட்டாள். இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். மாத்திரையை நிறுத்தவில்லை. அநேகம் பேர் அப்படி நன்றாகவே இருக்கிறார்கள். இதையும் எழுதிவைக்க வேண்டும். நான் சொல்லப்போகிறதை மட்டும் வாசித்துவிட்டு இந்த நோய் வந்தால் முடிந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கணக்கு சார் ஏரல்காரர். நாற்பது வயது தாண்டிய கணக்கு வாத்தியார். நாங்கள் எல்லோரும் அவரைக் கணக்கு சார் என்றே கூப்பிட்டோம். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒலிபெருக்கியைப் பிடுங்கி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். தலைமையாசிரியர் அவருக்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர். அவரை மேடையில் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்திருக்கிறார்கள். யாரோ போனில் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள்.

எங்களிடம் வந்தபோதும் அதே வேகம்தான். இரண்டு வாரத்தில் வேகம் அடங்கியது. அடங்கி, அப்படியே கீழே போய்விட்டது. சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். பிறகு பைய எழுந்தார். குளித்தார், முகம் மழித்தார். சாப்பாட்டு வரிசையில் நின்று, "சிஸ்டர், இன்னைக்கும் சாம்பாரா? இது நிகழ்தகவே இல்ல, நிச்சயம்" என்றார். எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம்.

வீட்டுக்கு அனுப்புவதாக முடிவான நாளில் பெரிய டாக்டர் ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் பாளையங்கோட்டைக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது என்னிடம் சொன்னார். "பின்பக்கத்த எழுதி வச்சிருங்க சிஸ்டர். எழுதாம அனுப்பாதீய. நாளைக்குப் போனாலும் ஒண்ணும் கொறஞ்சிராது."

பதினொரு மணிக்கே கணக்கு சாருடைய அண்ணன் வேன் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் நின்று தம்பியை அவசரப்படுத்தினார். "ஏலே, சட்டைய மாத்துலே. வேன்காரன் வேற சவாரி இருக்குன்னு கத்துதான்." உதவி டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கணக்கு சாரின் ஒன்பதாம் கட்டிலுக்குப் புதிய ஆள் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார். நான் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு கணக்கு சாரிடம் போனேன்.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் ஆஸ்பத்திரியில் புழங்கிய சாமான் எதையும் எடுத்துப் போக மாட்டார்கள். எடுத்துப் போனால் நோயும் கூடவே வரும் என்று நம்பிக்கை. வாளி, தம்ளர், சோப்பு டப்பா, விரித்துப் படுத்த பாய் எல்லாவற்றையும் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். யாராவது இல்லாதவருக்கு அது உதவும். நாங்கள் தடுப்பதில்லை. ஒருவர் சாமானைப் பங்குவைக்கிறார் என்றால் வார்டில் அது நல்ல செய்தி.

கணக்கு சாரும் பங்குவைத்துக்கொண்டிருந்தார். வாளி ஒருவருக்கு, போர்வை ஒருவருக்கு. கடைசியில் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, எதிர்க்கட்டில் பெரியவரிடம் கொடுத்தார். அந்தப் பெரியவர் பேப்பரைக் கைநீளத்துக்குப் பிடித்துக்கொண்டு எழுத்துத் தெரியவில்லை என்று புலம்பிக்கொண்டே இருப்பார்.

"போட்டுப் பாரும் அண்ணாச்சி. தெரியுதா?"

"தெளிவாத் தெரியுதே! ஒமக்கு?"

"வீட்டுல வேற கெடக்கு."

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மனதில் ஏதோ நெருடியது. கண்ணாடி ஆஸ்பத்திரிச் சாமான் அல்ல. வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்தது. ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல மனசு என்று நினைத்தேன்.

"நல்லாருக்கீங்களா சார்?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லாருக்கேன் சிஸ்டர். ஒங்களுக்கெல்லாந்தான் ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டேன்."

"அப்படியெல்லாம் இல்ல சார்."

அவ்வளவுதான். பக்கத்திலேயே முக்காலி கிடந்தது. நான் உட்காரவில்லை. குறிப்பில் எழுதினேன்: 'மகிழ்ச்சியாக உள்ளார். ஒத்துழைக்கிறார். உடைமைகளைப் பிறருக்குக் கொடுத்துச் சென்றார்.' வேன் போய்விட்டது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

நான்காம் நாள் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார் என்று அண்ணன் போன் செய்தார்.

பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான் எதிரே நின்றேன். முன்பக்கத்தை வாசித்தார். நான் எழுதிய கடைசி வரியில் அவர் விரல் வெகுநேரம் நின்றது. பிறகு திருப்பினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். பேனாவை எடுத்து அந்த வெற்றுப் பக்கத்தில் 'கேட்கவில்லை' என்று எழுதி, கீழே தம் கையெழுத்தைப் போட்டார். என் பெயரை எழுதவில்லை.

"நான் போகாம இருந்திருக்கணும். நீங்க வீட்டுக்குப் போங்க சிஸ்டர்" என்றார்.

மாதம் ஒன்று கழித்து கணக்கு சாரின் மனைவி சில தாள்கள் வாங்க வந்தார். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். "சிஸ்டர், அவுக கண்ணாடி இங்கன எங்கயும் இருக்கா? வீட்டுக்கு வந்தப்ப கண்ணாடி இல்லாம வந்தாவ. அவுகளுக்கு அது ஒண்ணுதான்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். அந்தப் பெரியவர் அதற்குள் ஊருக்குப் போய்விட்டிருந்தார். கண்ணாடி எங்கே போனது என்று எனக்குத் தெரியும் என்பதை அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது.

அதன்பிறகு நான் ஒரு பின்பக்கத்தையும் விட்டதில்லை. பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போன பிறகும், வந்த புது டாக்டர்கள் சிரித்தபோதும் விடவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் கண்டிப்பான சிஸ்டர் என்பார்கள். அப்படிப்பட்ட நான்தான் என் மகளுக்கு அதே நோய் வந்தபோது ஒன்றரை மாதம் கண்டுகொள்ளாமல் இருந்தேன்.

அபிக்கு அப்போது இருபது வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தூங்காமல் படிக்கிறாள், சுறுசுறுப்பாக இருக்கிறாள் என்று பெருமைப்பட்டேன். மூன்று மொழி ஒரே நேரத்தில் படிக்கப் போகிறேன் என்றாள். என் தங்கையிடம்கூடச் சொல்லிப் பூரித்தேன். சிநேகிதி ஜெனியின் அந்தரங்கத்தை வகுப்பு வாட்சப் குழுவில் எழுதிவிட்டாள், பேராசிரியை ஒருவரை எல்லோர் முன்னும் அவமானப்படுத்திவிட்டாள் என்று கல்லூரியிலிருந்து கூப்பிட்டபோதுதான் கண் திறந்தது. வார்டில் மற்றவர்களின் பிள்ளைகளிடம் முதல் பார்வையில் தெரிந்தது, என் வீட்டில் தெரியவில்லை.

நான் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். என் கணவர் மின்வாரியத்தில் இருக்கிறார். "அவசரப்படாத, லீவு போட்டுப் பாப்போம்" என்றார். கேட்கவில்லை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்து மகளைப் பார்த்தேன். உண்மையாகவே பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அவள் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். மாத்திரை விழுங்கினாளா என்று வாயைத் திறக்கச் சொன்னேன். தூங்கிய நேரத்தையும் சாப்பிட்ட இட்லியையும் ஒரு நோட்டில் குறித்தேன். அவள் போன் பேசினால் அடுக்களைச் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

இப்படி இரண்டு வருடம் போனது. இந்தப் பங்குனியில் அவள் திடீரென்று தெளிந்த மாதிரி இருந்தாள். அதற்கு முன் இரண்டு மாதம் படுக்கையை விட்டு எழவில்லை. ஒருநாள் தலைக்குக் குளித்து, அலமாரியை ஒதுக்கி, படம் வரையும் வண்ணப் பெட்டியைத் தூக்கி என் தங்கை மகளிடம் கொடுத்தாள். அந்தப் பெட்டியை அவள் யாரையும் தொட விட்டதில்லை. "எனக்கு இனிமே எதுக்கு? நீ வச்சுக்க" என்றாள். என் தங்கை, "பிள்ளைக்கு எவ்வளவு நல்ல மனசு பாரு" என்றாள்.

உடனே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி, மகளிடம் கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால் சாகிற எண்ணத்தை நானே கிளப்பிவிடுவேனோ என்று பயம். அப்படி ஆகாது, கேட்டால் பாரம்தான் இறங்கும் என்று எத்தனை தாய்மாரிடம் நானே சொல்லியிருக்கிறேன். மறுநாள் காலை வரை அவள் பக்கத்தைவிட்டு நகராமல் இருந்தேன். அதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

காலையில் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன்.

"என்னம்மா, கீழ உக்காருத? இடுப்பு வலிக்கும்லா?"

"அபி, ஒனக்கு யாரு மொகத்தப் பாக்க முடியாதுன்னு தோணுது?"

"ஆரம்பிச்சுட்டியா டூட்டிய?"

காத்திருந்தேன்.

"ஜெனி" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்த மேடம்." அதற்குப் பிறகு கால் விரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இருக்கா மக்களே?"

"ஒன்னயத்தான்."

நான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

"நீ எனக்காவ வேலய விட்டுட்டு இங்கன உக்காந்திருக்க. ஒனக்கு அந்த வார்டுன்னா உசுரு. நர்சிங் ஸ்கூல்ல கிளாஸ் எடுக்கக் கூப்பிட்டாவ, அதுக்கும் போவல. தெனமும் காலைல ஒம் மொகத்தப் பாத்ததும், நாந்தான கெடுத்தேன்னு தோணுதும்மா. நான் இல்லன்னா நீ போவேல்லா?"

"சாகணும்னு தோணுதா?" என்று கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. அந்த வார்த்தையையே சொன்னேன்.

"தோணுது. நாலஞ்சு நாளா. முடிவு பண்ணுனதும் மனசு லேசாயிட்டு."

நான் அழவில்லை. எப்படி அழாமல் இருந்தேன் என்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கணவரை வரச் சொன்னேன். அரைமணி நேரத்தில் அவளைப் பார்க்கும் டாக்டரிடம் போனோம். அன்றே சேர்த்தார்கள். மருந்தை மாற்றினார்கள். பன்னிரண்டு நாள் அங்கே இருந்தோம். என் தியாகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவள் தலையில் கல்லாக இருந்திருக்கிறது. இரண்டு வருடம் அவளைக் கவனித்தேன், ஒருநாள்கூட அவளிடம் கேட்கவில்லை.

ஜெனியை அபியே போனில் கூப்பிட்டாள். ஜெனி வந்தாள். முதலில் நன்றாகத் திட்டினாள். "ஏட்டி, ஒன்ன மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. இன்னும் கோவம் இருக்கு. கோவம் தீருத வரைக்கும் வருவேன்" என்றாள். வந்துகொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபின் டாக்டரோடு உட்கார்ந்து சில ஏற்பாடுகள் செய்தோம். மாத்திரை அப்பாவின் பொறுப்பில். எண்ணம் வந்தால் முதலில் யாரிடம் சொல்வது, அவர் கிடைக்காவிட்டால் அடுத்து யார் என்று அபியே எழுதினாள். நான் நோட்டை மூடினேன். இரண்டு மாதம் கழித்து டாக்டர், "நீங்க வகுப்புக்குப் போகலாம். போறது அவளுக்கும் நல்லது" என்றார். தங்கை காலையில் வந்து வீட்டில் இருப்பதாக ஏற்பாடு.

முதல் நாள் கிளம்பும்போது அபி வாசலில் நின்று சொன்னாள்: "நீ போன் பண்ணாத. நானே பதினோரு மணிக்குப் பண்ணுதேன்."

வகுப்பில் முப்பது பிள்ளைகள். நாடி பிடிப்பது முதல் நோயாளியோடு பேசுவது வரை என்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். போனை மேசையில் மல்லாக்க வைத்திருந்தேன். பதினொன்று ஆனது. ஐந்து நிமிடம். பத்து. என் குரல் எனக்கே கேட்கவில்லை. தங்கையைக் கூப்பிடலாம் என்று இரண்டு முறை போனை எடுத்து வைத்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "மேடம், தண்ணி வேணுமா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது. வராந்தாவுக்கு ஓடினேன்.

"எம்மா, புளிக்கொழம்பு கெட்டியாயிட்டு. சுடுதண்ணி ஊத்தவா, பச்சத் தண்ணியா?"

"சுடுதண்ணி ஊத்து."

"சரி. கிளாஸ் எப்படிப் போவுது?"

"போவுது."

இருபது நிமிடம் ஏன் பிந்தியது என்று அவள் சொல்லவில்லை. நோட்டைத்தான் மூடிவிட்டேனே, நானும் கேட்கவில்லை.